மருத்துவம்: காலுக்கு ஒரு இரவல் குழாய்

ரத்தம் போகாமல் கால் விரல் கறுத்துப்போன நோயாளியைப் பார்க்கும்போது, ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை நிபுணர் முதலில் தேடுவது அடைத்துக்கொண்ட தமனியை அல்ல. எங்கே அடைப்பு என்பதை ஆஞ்சியோகிராம் சொல்லிவிடும். அவர் தேடுவது ஒரு நல்ல சிரையை. டாப்ளர் கருவியைக் கணுக்காலிலிருந்து தொடை இடுக்குவரை மெல்ல நகர்த்தியபடியே தோலின் மேல் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு போகிறார். 3 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலத்தில், நடுவில் அறுபடாமல் அந்தக் கோடு தொடை வரை போய்ச் சேர்ந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பல சமயம் கோடு போட இடமே இருப்பதில்லை. அந்த இடத்தில் ஏற்கனவே ஒரு கோடு இருக்கிறது. கணுக்காலில் தொடங்கி முழங்காலைத் தாண்டி ஓடும் தழும்பு. என்றோ நடந்த இதய பைபாஸின் முத்திரை. காலுக்கு வேண்டிய சிரை மார்புக்குள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. மற்ற காலைப் பார்த்தால் அங்கேயும் தழும்பு. அல்லது வெரிகோஸ் வெயின் என்று உருவி எறிந்திருப்பார்கள். அல்லது சிரை இருக்கும், ஆனால் நூல் போல இருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் அந்தக் கேள்வி எழுகிறது. சொந்தச் சிரை இல்லாவிட்டால் இன்னொருவருடையதைப் பொருத்தினால் என்ன? சிறுநீரகம் தருகிறார்கள், கண் தருகிறார்கள், இதயமே தருகிறார்கள். இறந்தவரின் காலில் இருக்கும், அவருக்கு இனித் தேவைப்படாத ஒரு குழாயைத் தரக் கூடாதா? தரலாம் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெற்றுக்கொண்ட கால்களின் கதை மட்டும் கொஞ்சம் சிக்கலானது.

நோய் ஒன்றும் அபூர்வமானதல்ல. கால் தமனிகளின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகிப்போகிறது. முதலில் நடந்தால் ஆடுசதை வலிக்கும், நின்றால் போய்விடும். வயதாகிவிட்டது என்று நோயாளி நினைத்துக்கொள்வார். பிறகு படுத்தாலே பாதம் எரியும். இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவார். புவியீர்ப்பு இழுத்துவரும் கொஞ்சம் ரத்தத்தில் வலி தணிகிறது. அதற்குப் பிறகு ஒரு நாள் செருப்புக் கடியோ நகவெட்டுக் காயமோ ஆறாமல் கறுக்கத் தொடங்குகிறது. பெரும்பாலானோர் ஆஸ்பத்திரிக்கு வருவது அப்போதுதான்.

இந்தியாவில் இந்த நோய்க்கு உரம் போடுபவை இரண்டு. ஒன்று சர்க்கரை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை நோயாளியின் கால் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. நரம்பு மரத்துப்போவதால் காயம் பட்டது தெரிவதில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய தமனிகள் அடைத்துக்கொள்வதால் பட்ட காயம் ஆறுவதில்லை. இன்னொன்று புகையிலை. 2016-17இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். பீடி குடிக்கும் இளைஞர்களைத் தாக்கும் பர்ஜர் நோய் மேலை நாடுகளில் அரிதாகிவிட்டது. நம் ஆஸ்பத்திரிகளில் அரிதாகவில்லை. 1908இல் நியூயார்க் டாக்டர் லியோ பர்ஜர் விவரித்த இந்த நோய் தமனிகளோடு நிற்காமல், தோலுக்கடியில் உள்ள சிரைகளையும் வீங்க வைத்து அடைக்கிறது. அதாவது, பைபாஸுக்கு வேண்டிய மாற்றுக் குழாயையும் சேர்த்தே கெடுத்துவிடுகிறது.

கால் போனால் என்ன என்பதற்கு இந்தியாவிடம் உலகம் மெச்சும் ஒரு பதில் உண்டு. 1968இல் டாக்டர் பி. கே. சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் லட்சக்கணக்கானோரை எழுந்து நடக்க வைத்தது. ஆனால் ரப்பர் பாதம் அணிந்து மரம் ஏறும் வாலிபன் வேறு. சர்க்கரையோடும் பலவீனமான இதயத்தோடும் காலை இழக்கும் 65 வயதுக்காரர் வேறு. முழங்காலுக்கு மேல் கால் எடுக்கப்பட்ட இத்தகையவர்களில் பலர் மறுபடி நடப்பதே இல்லை. கால் எடுக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கும் மேல் 5 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது பல நாடுகளின் அனுபவம். இன்னொருவரின் சிரையைத் தேடும் அளவுக்கு டாக்டர்கள் போவது இதனால்தான்.

சிரைக்கு ஏன் இத்தனை மவுசு என்பதற்குப் பின்னால் நூறாண்டுக் கதை இருக்கிறது. 1906இல் மாட்ரிட் நகரத்தில் ஹோசே கோயானெஸ் என்ற டாக்டர், முழங்காலுக்குப் பின்னால் தமனி உப்பியிருந்த நோயாளிக்கு, பக்கத்திலேயே ஓடும் சிரையைத் தமனியோடு இணைத்து ரத்தத்துக்கு வழி செய்தார். பிறகு பல பத்தாண்டுகள் அது மறந்தே போனது. 1948இல் பாரிசில் ழான் குன்லான் தொடையிலிருந்து ஒரு நீண்ட சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலே ஒரு முனையையும் கீழே மறு முனையையும் தமனியின் பக்கவாட்டில் தைத்தார். அடைத்துக்கொண்ட தமனியை அவர் தொடவே இல்லை, சுற்றிக்கொண்டு போனார். ஊருக்குள் நெரிசல் என்றால் புறவழிச் சாலை போடுவதைப் போல. இன்று பைபாஸ் என்றாலே நினைவுக்கு வருவது இதயம். ஆனால் அந்த வித்தை முதலில் பழகியது காலில்தான்.

சிரைக்குள் வால்வுகள் உண்டு. ரத்தம் கீழிருந்து மேலே இதயத்தை நோக்கி மட்டுமே போக அவை அனுமதிக்கும். எனவே வெளியே எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித் தைக்க வேண்டும். இல்லையென்றால் வால்வுகள் கதவைச் சாத்திக்கொள்ளும். திருப்பாமல் இருந்த இடத்திலேயே விட்டு, உள்ளே மெல்லிய கத்தியை ஓட்டி வால்வுகளை அறுத்துவிடும் முறையும் பின்னர் வந்தது. மிகக் குறைந்த அழுத்தத்தில் ரத்தத்தைச் சுமந்து பழகிய குழாய், திடீரென்று இதயம் தள்ளும் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஆச்சரியம், தாங்குகிறது. சில மாதங்களில் அதன் சுவர் தடித்துத் தமனியைப் போலவே ஆகிவிடுகிறது. காரணம், அது உயிரோடு இருக்கிறது. உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் செல்கள் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கின்றன. இந்த ஓரடுக்குச் செல்களுக்கு ஈடு எந்தத் தொழிற்சாலையும் இன்றுவரை தயாரிக்கவில்லை.

தயாரிக்க முயலாமல் இல்லை. 1950களில் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, துணிக்கடையில் வாங்கிய டெக்ரான் துணியை மனைவியின் தையல் மெஷினில் குழாயாகத் தைத்தது மருத்துவ உலகின் பிரபலமான கதை. வயிற்றில் ஓடும் பெருந்தமனிக்கு அது அருமையாகப் பொருந்தியது. 1970களில் டெஃப்லான் குழாய் வந்தது. தோசை ஒட்டாத தவாவில் பூசுகிறார்களே, அதே பொருளை இழுத்துச் செய்தது. தொடையில், முழங்காலுக்கு மேல் ஓரளவு பரவாயில்லை. முழங்காலுக்குக் கீழே போனதும் அதன் சாயம் வெளுத்தது. 1986இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில், முழங்காலுக்குக் கீழ் உள்ள சிறு தமனிகளுக்குப் பொருத்திய சொந்தச் சிரைகளில் 49 சதவீதம் 4 ஆண்டு கழித்தும் திறந்திருந்தன. டெஃப்லான் குழாய்களில் திறந்திருந்தவை 12 சதவீதம்.

இதற்கிடையில் காலுக்குப் போட்டியாக இதயம் வந்து சேர்ந்தது. 1967இல் கிளீவ்லண்ட் கிளினிக்கில் அர்ஜென்டினா நாட்டுக்காரரான ரெனே ஃபவலோரோ, கால் சிரையை எடுத்து இதயத் தமனிக்கு பைபாஸ் செய்தார். அன்று தொடங்கிய அறுவடை இன்னும் நிற்கவில்லை. இதயத்துக்கு முன்னுரிமை என்பதில் யாருக்கும் மறுப்பிருக்க முடியாது. ஆனால் இதயத் தமனி அடைத்துக்கொண்டவருக்குக் கால் தமனியும் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஒரே நோய், இரண்டு இடங்கள். ஒரே சிரையைத்தான் இரண்டுக்கும் பங்கு போட வேண்டும். இதய டாக்டர் தேவைக்கு மேல் நீளமாக எடுத்து மீதியைக் குப்பையில் போட்டால், அதன் விலையைப் பத்தாண்டு கழித்துக் கால் கொடுக்கிறது. இந்த இரண்டு இலாகாக்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது நம் ஆஸ்பத்திரிகளில் அவ்வளவு சகஜமல்ல.

இறந்தவரின் குழாயை எடுத்துப் பயன்படுத்தும் யோசனை பிளாஸ்டிக்கைவிடப் பழையது. ரத்தக்குழாய்களைக் கசியாமல் தைக்கும் வித்தையை உலகுக்குக் கற்றுத்தந்து 1912இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல், குளிரில் வைத்திருந்த குழாய்களை மிருகங்களுக்குப் பொருத்திப் பார்த்தவர். 1948இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ், இறந்தவர்களின் தமனித் துண்டுகளைக் குழந்தைகளுக்குப் பொருத்தினார். 1951இல் பாரிசில் ஷார்ல் துபோஸ்த், வயிற்றுப் பெருந்தமனி பலூன் போல உப்பியிருந்த ஒருவருக்கு, இறந்த இளம்பெண் ஒருவரின் தமனியைப் பொருத்திப் பிழைக்க வைத்தார். பல ஊர்களில் தமனி வங்கிகள் முளைத்தன. சில ஆண்டுகளிலேயே உற்சாகம் வடிந்தது. பொருத்திய குழாய்கள் சுண்ணாம்பாக இறுகின, அல்லது உப்பி வெடித்தன. டெக்ரான் துணி வந்ததும் வங்கிகளை மூடிவிட்டார்கள்.

மறுபடி திறக்க வைத்தது உறைய வைக்கும் விஞ்ஞானம். வெறுமனே ஐஸில் வைத்தால் செல்லுக்குள் பனிப் படிகங்கள் முளைத்து அதைக் கிழித்துவிடும். 1949இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கிளிசரின் சேர்த்தால் சேவலின் விந்து உறைந்தும் உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். 1959இல் ஜேம்ஸ் லவ்லாக்கும் அவருடைய சகாவும் அதைவிடச் சிறந்த ஒரு திரவத்தைக் கண்டுபிடித்தார்கள்: டி.எம்.எஸ்.ஓ. (பூமியே ஓர் உயிர் என்று சொல்லிப் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே லவ்லாக்தான்.) 1980களில் அமெரிக்காவில் இதய வால்வுகளையும் சிரைகளையும் இப்படி உறைய வைத்து விற்கும் கம்பெனிகள் வந்தன. பிரஸ்ஸல்ஸில் 1989இல் தொடங்கப்பட்ட ஐரோப்பிய ஹோமோகிராஃப்ட் வங்கியும் இந்த வரிசையில் வருவதுதான்.

நடைமுறை இதுதான். இறந்தவரின் குடும்பம் சம்மதித்ததும், சில மணி நேரத்துக்குள் இரண்டு கால்களிலிருந்தும் சிரைகளைக் காயப்படாமல் எடுக்கிறார்கள். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய் எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை. ஆன்டிபயாடிக் கரைசலில் ஊறவைத்து, டி.எம்.எஸ்.ஓ. சேர்த்து, நிமிடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி என்ற நிதானத்தில் குளிரவைத்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் வைக்கிறார்கள். திரவ நைட்ரஜனின் குளிர் மைனஸ் 196 டிகிரி. அங்கே குழாய் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். தேவைப்படும் நாளில் ஆபரேஷன் தியேட்டரிலேயே உடல் சூட்டளவு வெந்நீரில் உருக்கி, ரசாயனத்தைப் படிப்படியாகக் கழுவி வெளியேற்றி, தைக்க வேண்டியதுதான். கைக்கு அது சொந்தச் சிரையைப் போலவே மெத்தென்று இருக்கும். ஊசி போடுவதில் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசத்தைக் காட்டுவது நோயாளியின் உடம்பு. உறைந்து உருகும்போது உட்சுவர்ச் செல்கள் பெருமளவு உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சியவற்றை அந்நியர் என்று கண்டுகொண்டு நோய் எதிர்ப்புச் சக்தி தாக்குகிறது. ரத்தம் உறைந்து குழாய் அடைகிறது. அல்லது சுவர் தளர்ந்து உப்புகிறது. பல ஆஸ்பத்திரிகள் வெளியிட்ட கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், உறைவித்த சிரைகளில் பாதியோ அதற்கு மேலோ ஓராண்டுக்குள் அடைத்துக்கொள்கின்றன. சொந்தச் சிரையின் பக்கத்தில்கூட இது நிற்க முடியாது. சிறுநீரகம் பொருத்தியவர்களுக்குத் தருவது போன்ற எதிர்ப்பு அடக்கி மருந்துகளைக் குறைந்த அளவில் தந்து பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க பலன் இல்லை. காலில் அழுகும் புண் உள்ளவருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்குவது விபரீதமும்கூட. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் தருகிறார்கள். ரத்த வகை பொருந்த வேண்டுமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பிறகு எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் கால் நோயின் ஒரு விசித்திரக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆறாத புண் ஆறுவதற்கு நிறைய ரத்தம் வேண்டும். ஆறிய தோலைக் காப்பாற்ற அவ்வளவு தேவையில்லை. கறுத்த விரலை எடுத்து, புண் மூடி, புதுத்தோல் வளரும் வரை சில மாதங்கள் குழாய் திறந்திருந்தால் போதும். அப்புறம் அது அடைத்துக்கொண்டாலும், அதற்குள் வளர்ந்துவிட்ட சிறு சிறு கிளைக் குழாய்களின் தயவில் கால் பிழைத்துவிடக்கூடும். அதனால்தான் குழாய் பிழைக்கும் சதவீதத்தைவிடக் கால் பிழைக்கும் சதவீதம் எல்லா ஆய்விலும் கணிசமாக அதிகம். டாக்டருக்கு அது தோற்றுப்போன ஆபரேஷன். நோயாளிக்கு இரண்டு கால்.

இரண்டாவது காரணம் சீழ். பிளாஸ்டிக் குழாயில் கிருமி குடியேறிவிட்டால் எந்த ஆன்டிபயாடிக்கும் அதை விரட்டாது. குழாயை உருவி எடுத்தே ஆக வேண்டும். எடுத்த இடத்தில் இன்னொரு பிளாஸ்டிக்கை வைத்தால் அதிலும் கிருமி ஏறும். மனிதத் திசு இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. தொடை இடுக்கில் சீழ் பிடித்து, ரத்தம் பீறிடும் அபாயத்தில் கிடக்கும் நோயாளிக்கு, சொந்தச் சிரையும் இல்லையென்றால், உறைவித்த குழாய் உயிரையே காப்பாற்றுகிறது. பாரிசில் 1980களின் இறுதியிலிருந்தே இதற்காக இறந்தவர்களின் தமனிகளைப் பயன்படுத்தி வருகிறார்கள். இரவல் குழாய்க்கு அதிகம் மறுப்பில்லாத ஒரே இடம் இதுதான்.

அதிகம் பேசப்படாத ஒரு விலையும் உண்டு. அந்நியச் சிரை உடம்புக்குள் போனதும் எதிர்ப்புச் சக்தி அதற்கு எதிராக ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. குழாய் அடைத்துப்போன பிறகும் அவை ரத்தத்தில் நிற்கின்றன. நோயாளிக்குச் சர்க்கரையால் சிறுநீரகமும் கெட்டிருந்தால் (கால் அழுகும் நிலைக்கு வந்தவர்களில் இது சர்வசாதாரணம்) நாளை அவருக்குப் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது இந்த ஆன்டிபாடிகளால் அரிதாகிவிடலாம். இன்றைக்குக் காலைக் காப்பாற்ற நாளைக்குக் கிடைக்கக்கூடிய சிறுநீரகத்தை அடகு வைப்பது போன்ற நிலை. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும்போது இதையும் சொல்ல வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

இந்தியாவில் சட்டம் தடையாக இல்லை. 1994இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது, உறுப்புகளோடு திசுக்களும் அதில் சேர்ந்தன. 2014இல் வந்த விதிகளின் கீழ் உறுதிமொழி கொடுப்பவர் பூர்த்தி செய்யும் 7ஆம் எண் படிவத்தில் கண், தோல், எலும்பு, இதய வால்வு ஆகியவற்றோடு ரத்தக்குழாய்கள் என்றும் ஓர் இடம் இருக்கிறது. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் யோசிக்காமல் டிக் அடிப்பவர்களில் எத்தனை பேர் இந்த வரியைக் கவனித்திருப்பார்கள் என்பது சந்தேகம். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து மட்டுமே இதைப் பெற முடியும் என்பதும் இல்லை. இதயம் நின்ற பிறகும், கண்ணைப் போலவே, குறிப்பிட்ட நேரத்துக்குள் எடுக்கலாம்.

தொழில்நுட்பமும் அந்நியமல்ல. தில்லி எய்ம்ஸிலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திலும் இறந்தவர்களின் இதய வால்வுகளைப் பாதுகாத்துப் பொருத்திய அனுபவம் உண்டு. வால்வை வைக்கும் நைட்ரஜன் தொட்டியில் சிரையையும் வைக்கலாம். கல்லீரல் தானம் பெறும் குழுக்கள், தேவைப்பட்டால் ஒட்டுப்போட என்று, கொடையாளியின் இடுப்புத் தமனி, சிரைத் துண்டுகளையும் கூடவே எடுத்து வருவது வழக்கம். தில்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி வளாகத்தில் உள்ள தேசிய உறுப்பு-திசு மாற்று அமைப்பின் பொறுப்புகளில் திசு வங்கியும் ஒன்று. இருந்தும், கால் பைபாஸுக்கு உறைவித்த சிரை என்பது இந்திய ஆஸ்பத்திரிகளின் அன்றாடச் சரக்காக ஆகவில்லை. வெளிநாட்டில் ஒரு குழாய்க்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். அதை வரவழைத்து, பாதி ஓராண்டில் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி, பீடித் தொழிலாளியிடம் பணம் கட்டச் சொல்வதற்கு மனசாட்சியுள்ள டாக்டர்கள் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை. சொந்த வங்கி இருந்தால் விலை இறங்கும். அதற்குக் கொடையாளிகள் வேண்டும், இரவு இரண்டு மணிக்கும் சிரை எடுக்கக் கிளம்பத் தயாரான ஆட்கள் வேண்டும், தொட்டிக்கு வாரந்தோறும் நைட்ரஜன் ஊற்றப் பணம் வேண்டும். இந்த மூன்றில் கடைசியதில்தான் அரசுத் திட்டங்கள் வழக்கமாகக் காய்ந்துபோகின்றன.

பைபாஸே வேண்டாம், பலூனும் ஸ்டென்டும் போதும் என்று ஒரு கட்சி உண்டு. அதற்கும் இதற்கும் பந்தயம் நடந்துகொண்டிருக்கிறது. 1,830 நோயாளிகளைச் சேர்த்து, 2022இல் முடிவு வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், நல்ல சொந்தச் சிரை உள்ளவர்களில் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குப் பெரிய கால் பாதிப்போ மரணமோ நேர்ந்தது 42.6 சதவீதம், பலூன் முறையில் 57.4 சதவீதம். சிரை சரியில்லாமல் வேறு குழாய் வைக்க வேண்டியிருந்தவர்களிடமோ இரண்டு முறைக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பைபாஸின் மகிமை என்று நினைத்தது உண்மையில் சொந்தச் சிரையின் மகிமை என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டே பிரிட்டனிலிருந்து வந்த பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரைப் பார்த்துவிட்டு, பலூன்தான் மேல் என்றது. இரண்டு கட்சிக்கும் கையில் ஓர் ஆய்வு கிடைத்துவிட்டது. ஆனால் சொந்தச் சிரை இல்லாதவருக்கு முதலில் பலூனை முயல்வது என்பதில் பெரிய சண்டை இல்லை. பலூன் தோற்ற பிறகுதான் இரவல் குழாயின் முறை வருகிறது.

செல்களே இல்லாத மனிதக் குழாய் என்ற மூன்றாவது வழியும் எட்டிப்பார்க்கிறது. அமெரிக்க டாக்டர் லாரா நிக்லசன் பல ஆண்டுகள் முயன்று உருவாக்கியது. கொடையாளியின் தமனிச் செல்களை ஒரு சட்டத்தின் மேல் வளர்த்து, குழாயான பிறகு செல்களை எல்லாம் கழுவிவிடுகிறார்கள். மிஞ்சுவது வெறும் புரதக் கூடு. எதிர்க்க ஆள் இல்லாததால் நோய் எதிர்ப்புச் சக்தி சும்மா இருக்கிறது; நோயாளியின் சொந்தச் செல்கள் மெல்ல வந்து குடியேறுகின்றன. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது. ஆனால் விபத்திலும் போரிலும் கை கால் தமனி அறுந்தவர்களுக்குத்தான், அதுவும் சொந்தச் சிரை கிடைக்காதபோது. குழாய் விட்டுப்போனால் உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு நேரலாம் என்ற கடுமையான எச்சரிக்கையோடு. சர்க்கரைக் காலுக்கு அது வருவதற்கு இன்னும் நாளாகும். வந்தாலும் என்ன விலையில் என்பது வேறு விஷயம்.

இதனால் இரவல் கேட்கும் முன் நோயாளியின் உடம்பையே இன்னொரு முறை துழாவிப் பார்ப்பதுதான் இன்றைய நிலையில் புத்திசாலித்தனம். ஆடுசதைக்குப் பின்னால் ஒரு சிறு சிரை இருக்கிறது. இரண்டு கைகளிலும் நீளமான சிரைகள் இருக்கின்றன. துண்டு துண்டாக எடுத்து ஒன்றோடொன்று தைத்து நீளம் சேர்க்கலாம். நேரம் பிடிக்கும், கண் வலிக்கும், ஆனால் பிளாஸ்டிக்கைவிட நாள்பட உழைக்கும். கைச் சிரையை நம்பியிருக்கும் டாக்டர்கள் வார்டில் அந்தக் கையைத் தொடாதீர்கள் என்று எழுதி ஒட்டுவது உண்டு. அந்தச் சீட்டு ஒட்டப்படுவதற்கு முன்பே பெரும்பாலான நோயாளிகள் வேறு இரண்டு ஆஸ்பத்திரிகளில் படுத்து எழுந்து வந்திருப்பார்கள். டாக்டர் சட்டைக் கையை மடக்கிவிட்டு டாப்ளரை மணிக்கட்டில் வைக்கும்போது, முழங்கைவரை செலைன் ஊசி ஏறி இறங்கிய நீலத் தடங்கள்தான் கண்ணில் படுகின்றன.